மருந்து எட்டிய இடத்துக்கு எச்சரிக்கையும் எட்ட வேண்டும்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களின் சமுகத்துக்கு,



கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில், ஒரு காலத்தில் பால்மரங்கள் மட்டுமே சூழ்ந்திருந்து இன்று செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைப் பேருந்துகளுமாக உருமாறி நிற்கும் பாடாங் செராய் என்னும் ஊரிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி என்னும் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்றுவரும் நோயாளிகளும், அவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தாரும், அம்மருந்தின் பக்கவிளைவுகள் தலைகாட்டும்போது எவரிடம் ஓடுவது என்று அறியாமல் தவிக்கும் தவிப்பைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். நான் கேட்கப்போவது கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் காரியமன்று என்பதையும் முதலிலேயே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, வருங்காலச் சந்ததியின் நுரையீரலைக் காக்கத் தங்கள் அமைச்சு அரியதொரு காரியம் செய்தது என்று எங்களில் பலர் மனமாரப் போற்றினோம். ஆயினும் அச்சட்டம் காக்கப்போவது நாளைய மனிதனை. இன்றைய நோயாளியோ ஏற்கெனவே நம் நடுவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறான். தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறபடி, இந்நாட்டில் நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மூன்றாவது அல்லது நான்காவது கட்டத்தில்தான் வைத்தியரை வந்தடைகிறார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் நூற்றுக்குச் சுமார் 11 பேர் என்று 2018-ல் வெளியான தங்கள் அமைச்சின் ஆய்வே சொல்லிற்று.

இத்தகைய இருளில்தான் நோயெதிர்ப்புச் சிகிச்சை ஒரு வெளிச்சமாக வந்தது. ஜப்பானியப் பேராசிரியர் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1992-ல் பி.டி.-1 என்னும் புரதத்தைக் கண்டறிந்ததும், அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஆலிசன் அதையொத்த வேறொரு புரதத்தின்மேல் செய்த ஆராய்ச்சியும் இதற்கு அஸ்திவாரமாயின. இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. புற்றணுக்களில் பாதிக்கேனும் பி.டி.-எல்1 என்னும் அடையாளம் காணப்பட்ட நோயாளிகளிடையே நடந்த உலகளாவிய பரிசோதனையொன்றில், பெம்ப்ரோலிசுமாப் மருந்தோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 32 விழுக்காட்டினரும், கீமோவோடு தொடங்கியவர்களில் 16 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் இம்மருந்து உரியதன்று. சிலவகை மரபணு மாற்றமுள்ளவர்களுக்கு வேறு மாத்திரைகளே முதலில் தரப்படுகின்றன. ஆனால் உரியவர்களுக்கு இது கொடுக்கும் ஆயுள் அற்பமானதன்று.

நம் சரீரத்திலுள்ள டி அணுக்கள் நோய்க்கிருமிகளையும் கெட்டுப்போன அணுக்களையும் அழிக்க வல்லவை. அவை அளவுமீறிச் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாதபடி இயற்கை அவற்றுக்குக் கடிவாளம் பூட்டியிருக்கிறது. புற்றுநோயோ அக்கடிவாளத்தைப் பற்றி இழுத்து அவற்றைச் செயலற்று நிற்கவைத்துத் தான் தப்பித்துக்கொள்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அடெசோலிசுமாப் போன்ற மருந்துகள் அக்கடிவாளத்தைத் தளர்த்துகின்றன. தளர்ந்த வேகத்தில் குதிரை பகைவனை மிதிப்பதோடு நில்லாமல் சில சமயம் சொந்த வயலிலும் இறங்கிவிடுகிறது. ஆகவே கீமோவின் பக்கவிளைவுக்கும் இதன் பக்கவிளைவுக்கும் மூலகாரணமே வேறு. முன்னது மருந்தின் நஞ்சால் விளைவது. பின்னது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி உறுப்புகளைத் தாக்குவதால் உண்டாகும் அழற்சி. காரணம் வேறாகவே பரிகாரமும் வேறாகிறது. இந்த ஒரு வித்தியாசம் எல்லாருக்கும் தெரியாதிருப்பதே எங்கள் துன்பத்தின் வேர்.

தோலில் அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தோன்றுகின்றன. குடலழற்சி இரண்டாவது மாதத்தை ஒட்டி வரலாம். கல்லீரல் பாதிக்கப்பட்டாலோ, இரத்தப் பரிசோதனையில் தெரியவரும்வரை நோயாளி யாதொன்றையும் உணராதிருக்கக்கூடும். தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் முதலிய சுரப்பிகள் மெல்ல மெல்லச் செயலிழக்கின்றன. இருதயத் தசையில் அழற்சி நூற்றில் ஒருவருக்கு வருவதே அரிது; வந்தாலோ உயிருக்கே ஆபத்து. இவற்றுள் எதுவும் மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் கழிந்த பின்னரும் வரலாம் என்பதுதான் யாவற்றிலும் விசேஷமாக அறிந்திருக்க வேண்டியது. சிகிச்சை முடிந்ததென்று நிம்மதியடைந்த குடும்பம், ஆறு மாதத்துக்குப் பின் வரும் வாந்தியையும் மயக்கத்தையும் அந்த மருந்தோடு எவ்வாறு தொடர்புபடுத்தும்?

என் தமையனார் இம்மருந்தை ஏற்றுக்கொண்டு வருபவர். ஒரு வாரக் கடைசியில் அவருக்குப் பேதி கண்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பேதிக்குச் செய்வதையெல்லாம், ஓமத்தண்ணீரும் கஞ்சியும் மோருமாக, நாங்களும் செய்தோம். அது நிற்காமற்போகவே ஒரு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். தமையனார், “கீமோ மாதிரி ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை” என்றார். பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்து அனுப்பிவைத்தார்கள். நாலைந்து நாளில் நடக்கவும் மாட்டாதவராகிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிறகுதான், அது குடலழற்சி என்றும், ஸ்டிராய்டு மருந்து முன்னரே தொடங்கியிருக்க வேண்டும் என்றும் அறிந்தோம். அந்தக் கிளினிக்கின் மீது குறைகூற இதை நான் எழுதவில்லை. நோயாளியின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால், வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நாலு முறைக்கு மேல் வயிறு போனால் உடனே புற்றுநோய் வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் ஒற்றை வாக்கியம் அதில் இருந்திருந்தால், அவர் அந்நாள்களைப் படுக்கையில் கழித்திருக்க மாட்டார்.

புற்றுநோய் நிபுணர்களைக் காண எங்கள் வட்டாரத்தார் பெரும்பாலும் பினாங்குக்கே போகிறார்கள். தவணை நாளன்று விடியுமுன் புறப்பட்டு, பட்டர்வொர்த்–கூலிம் விரைவுச்சாலையில் போய்ப் பாலத்தைக் கடந்து, மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். ஆனால் பக்கவிளைவு தவணை நாளைப் பார்த்து வருவதில்லை. அது பாடாங் செராயில், லூனாஸில், சுங்கை காராங்கானில், நள்ளிரவில், பெருநாள் விடுமுறையில் வருகிறது. அப்போது அவர்கள் அடையக்கூடியவை பக்கத்துக் கிளினிக்கும் கூலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுமே. முற்காலத்தில் விக்டோரியா, ஹென்ரியட்டா முதலிய தோட்டங்களில் குடியிருந்தோருக்கு டிரெஸ்ஸர் என்று நாம் அழைத்த மருத்துவ உதவியாளர் இருந்தார். அத்தகையோரைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. லயத்திலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் நோயும் அவருக்குத் தெரியும். எதைத் தாமே பார்க்கலாம், எதைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்னும் விவேகமும் அவருக்கு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்குச் சிதறிய பின், நோயாளியை அறிந்த அந்த முதல் மனிதர் இல்லாமற்போனார். அவர் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை.

இந்த இடைவெளி உயிராபத்தாக முடியக்கூடிய இரண்டு நிலைமைகளைத் தங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, மருந்தால் நுரையீரலில் உண்டாகும் அழற்சி. வறட்டு இருமல், நாலடி நடந்தால் மூச்சுவாங்கல், சில சமயம் காய்ச்சல் ஆகிய இவையே அதன் குறிகள். நிமோனியாவுக்கும் காசநோய்க்கும் இவையே குறிகள். புற்றுநோய் முற்றுவதற்கும் இவையே குறிகள். நுரையீரல் நோயாளி ஒருவன் இருமினால் அது அவன் நோயின் இயல்பென்று வீட்டாரும், கிருமித் தொற்றென்று வைத்தியரும் கருதுவது இயற்கை. கிருமிக்கான மருந்து மட்டும் கொடுத்து ஒரு வாரம் பார்த்திருந்தால், அந்த ஒரு வாரமே அவனுக்கு எமனாகலாம். இரண்டாவது, அட்ரினல் சுரப்பு வற்றுதல். பசியின்மை, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், தீராத சோர்வு ஆகியவற்றைப் புற்றுநோயாளியிடம் யார்தான் வித்தியாசமாகக் காண்பார்கள்? காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் இரத்தத்தில் கார்ட்டிசோல் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை துலங்கிவிடும். உரிய சமயத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தால், படுத்த படுக்கையாயிருந்தவர் எழுந்து நடக்கிறார்.

பரிகாரமாகிய ஸ்டிராய்டும் தனக்குரிய உபத்திரவங்களோடுதான் வருகிறது. பிரட்னிசோலோன் மாத்திரையைச் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரத்துக்குக் குறையாமல், படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று நோயாளி தானே நிறுத்தினால் அழற்சி மீண்டும் மூளும். இரத்தத்தில் சர்க்கரையையும் அது ஏற்றிவிடும். வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கண்டறிந்த இந்நாட்டில், அதிலும் இந்தியரிடையே அது மிகுந்திருக்கையில், இது சாதாரண விஷயமா? நீரிழிவை மாதந்தோறும் கவனித்துவரும் சுகாதாரக் கிளினிக்குக்கு, அதே நோயாளிக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் ஸ்டிராய்டு தொடங்கியிருப்பது தெரியவேண்டாமா?

இன்னொரு துயரத்தையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. பலர் தங்கள் உபத்திரவங்களை வைத்தியரிடம் மறைக்கிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும், நகையை அடகு வைத்தும் ஒரு தவணைக்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலுத்தியவர்கள், பேதியையோ மூச்சுத்திணறலையோ சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் உயிர் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். பக்கவிளைவால் மருந்தை நிறுத்த நேர்ந்தவர்களில் பலருக்கு அதன் பயன் நீடித்து நின்றதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இலேசான விளைவாயின் தற்காலிகமாக நிறுத்தி மீண்டும் தொடங்குவதும் உண்டு. இந்த உண்மையை நோயாளியின் தாய்மொழியில், முதல் தவணைக்கு முன்னரே, நிதானமாக உட்கார்ந்து எடுத்துச் சொன்னால் பாதி பயம் நீங்கும்; பயம் நீங்கினால் மறைப்பதற்கும் காரணமில்லை.

ஆதலின் என் கோரிக்கைகள் இவை. கர்ப்பிணிப் பெண்களின் கையில் தங்கள் அமைச்சு கொடுத்திருக்கும் இளஞ்சிவப்புப் புத்தகம் இந்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தது. ஆபத்தின் அளவை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்களால் குறித்து, கிராமத்துத் தாதி முதல் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் வரை எல்லாரும் ஒரே கண்ணால் நோக்கும்படி செய்த அந்த ஏற்பாடு எத்தனையோ தாய்மாரைக் காத்தது. அதே முறையில், நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும், அரசாங்க மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், ஒரு சிறு புத்தகம் கட்டாயமாக வழங்கப்பட வேண்டும். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, கடைசித் தவணை, ஆபத்துக் குறிகள், அழைக்க வேண்டிய எண் ஆகியவை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் அதில் இருக்கவேண்டும். சிகிச்சை முடிந்த பின்னும் அதை நோயாளி கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று முதற்பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

அடுத்து, அந்த எண்ணை இரவும் பகலும் எடுத்துப் பேச, நோயையும் மருந்தையும் அறிந்த ஒரு தாதியோ மருந்தாளரோ வடமாநிலங்களுக்குப் பொதுவாகவேனும் இருக்க வேண்டும். எங்கள் கிளினிக்கிலுள்ள இளம் மருத்துவரும் அதே எண்ணை அழைத்து யோசனை கேட்க வழியிருக்க வேண்டும். மூன்றாவதாக, தைராய்டு, கார்ட்டிசோல், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைத் தவணைக்கு முன் இவ்வட்டாரத்திலேயே எடுத்து, முடிவுகளைப் புற்றுநோய் வைத்தியருக்கு அனுப்பும் முறை வேண்டும். நான்காவதாக, அவசரப் பிரிவில் நோயாளியைப் பதியும்போதே “கடந்த ஓராண்டில் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெற்றீர்களா?” என்னும் கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட வேண்டும்.

இம்மடலைப் படிக்கக்கூடிய என் ஊராருக்கும் ஒரு வார்த்தை. அமைச்சு செய்யும்வரை காத்திராமல், மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யாரோ சொன்ன கஷாயத்தையும் வேரையும் வைத்தியரைக் கேளாமல் அருந்தாதீர்கள். புதிதாக வரும் எந்த உபாதையையும் நோயின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இராதீர்கள்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, விலையுயர்ந்த மருந்தை எல்லாருக்கும் இலவசமாகத் தரும் நாள் வரும்வரை அதைப் பெற முடிந்தவர்கள் சிலரே. அந்தச் சிலரும் அம்மருந்தின் கையாலேயே மாள்வதற்கு நாம் இடங்கொடுக்கலாகாது. ஒரு சிறு புத்தகமும், பதில் சொல்லும் ஒரு தொலைபேசியும், கேட்கத் தெரிந்த ஒரு தாதியும் போதும். இவற்றை இவ்வாண்டிலேயே கெடாவில் தொடங்கி வைக்குமாறு தங்களைப் பணிவோடும் உறுதியோடும் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
பாடாங் செராய்வாசி ஒருவர்