வெள்ளமும் மோட்டார் இன்ஷியூரன்ஸும்

2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, சென்னையில் எண்ணற்ற மோட்டார் கார்களை மூழ்கடித்தது. நீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பினால் அது பாழாகும். அந்நஷ்டத்தைச் சாதாரணப் பாலிஸி ஏற்பதில்லை. ஆகவே, இத்தகைய வெள்ளங்களின்போது, கிளப்பியவரும் கிளப்பவில்லையென்று சாதிக்கத் துணிகிறார். பழைய நசுங்கலையும் வெள்ளத்தின் தலையில் கட்டுகிறார். ஒர்க்‌ஷாப்காரரின் பில்லும் அதற்கு உடந்தை! கம்பெனிப் பணந்தானே என்பது வீண் சமாதானம். பிரீமியம் கட்டிய மற்றவர்களுடைய பணமன்றோ அது? பொய் மனுக்கள் மலிந்தால், மெய்யாகவே நஷ்டமடைந்தவரும் சந்தேகத்துக்கு ஆளாகி, ஈடு பெறாமல் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

கம்பெனிகளும் குற்றமற்றவையல்ல. விலக்குகளைப் பொடியெழுத்தில் புதைத்துவைத்து, நஷ்டம் நேர்ந்தபின் எடுத்துக் காட்டுவது எவ்விதம் நியாயமாகும்? எஞ்சினுக்கு அதிகப் பிரீமியத்தில் தனிப் பாதுகாப்பு உண்டென்பதை, பாலிஸியை விற்கும்போதே தெளிந்த தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதில் அவற்றுக்கு என்ன கஷ்டம்?