அவசரகாலப் பையும் அடையாள அட்டையும்

நகரத்திலே வாழும் ஒவ்வொருவரும் எதிர்பாராத இடர்களைச் சமாளிக்கும் பொருட்டு அன்றாடம் தம்முடன் சில பொருள்களை எடுத்துச்செல்லல் வேண்டும் என்னும் போதனை அண்மைக் காலத்திலே கற்றோரிடையே செல்வாக்குப் பெற்று வருகின்றது. சிறியதொரு ரோச் லைற், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் பற்றறி, விசில், மடக்குக் கத்தி, சிறிது கயிறு, காயத்துக்குக் கட்டும் துணி, தண்ணீர்ப் போத்தல் என அப்பட்டியல் விரியும். வீட்டிலே மூன்று நாளைக்கு, அதாவது 72 மணிநேரத்துக்குப் போதிய உணவும் நீரும் அடங்கிய முதுகுப்பையொன்று வாசலோரம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. வட அமெரிக்காவிலும் யப்பானிலும் வேரூன்றிய இவ்வழக்கத்தைக் கொழும்புக்குப் பரிந்துரைப்போர் பட்டியலைப் பெயர்த்துத் தந்தனரேயன்றிக் கொழும்பை நோக்கினாரல்லர்.

இப்பொருள்கள் பயனற்றவை என்பது இங்கு வாதமன்று. 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது பற்றறியின் அருமையை அறியாதார் இலர். வாதம் வேறு. ஒரு சமூகம் கூடிச் செய்யவேண்டிய காரியத்தைத் தனிமனிதன் கடையிலே வாங்கவேண்டிய சரக்காக மாற்றிவிடும் தந்திரம் இப்போதனையின் அடியிலே கிடக்கின்றது. அதனைப் போதிப்போர் அறிந்தே செய்கின்றனர் எனல் மிகையாகலாம். எனினும் விளைவு ஒன்றே.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டமையால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது என அதிகாரத்திலிருந்தோர் விளக்கமளித்தனர். குரங்கினால் இலங்கை எரிந்த கதையை இதிகாசம் விரித்துரைத்தது. குரங்கினால் இலங்கை இயக்கமற்றுப்போன கதைக்குப் புலவர் எவரும் கிடைத்திலர். அன்று பையிலே பற்றறி வைத்திருந்தவர் தம்மைத் தாமே மெச்சிக்கொண்டிருக்கலாம். ஓர் உபமின்நிலையத்தின் பழுது ஒரு நாடு முழுவதையும் செயலிழக்கச் செய்யும் வண்ணம் மின்வழங்கல் அமைந்திருப்பது ஏன் என்ற வினா அப்பற்றறியினால் எழுவதில்லை. அதனை எழாமற் செய்வதே அப்பையின் சமூகப் பயன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்பையைத் தூக்கக்கூடியவர் யாவர் என்பதும் ஆராயத்தக்கது. மூன்று நாளைக்கு உணவு சேமித்து வைத்தல் என்பது, மூன்று நாளைக்கு உண்ணாமல் விட்டுவைக்கக்கூடிய உணவு உள்ளவனுக்கே இயலும். புறக்கோட்டையிலே மூடை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியின் தோள் பிறர் பொருளுக்கு உரியது. அன்றன்றைக்குக் கிடைக்கும் கூலியில் அன்றன்றைக்கு அரிசியும் பாணும் வாங்கி உண்பவனிடம், ஆறு மாதத்துக்கொருமுறை பையிலுள்ள பிஸ்கற்றை மாற்றிவிடுக என்று உபதேசிப்பது கேலிக்கூத்தாகும். கொழும்பிலே தோட்டங்கள் என வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் ஓரறையில் வாழும் குடும்பங்களுக்கு அப்பையை வைக்க வாசலோரமும் இல்லை. ஆகவே இப்போதனை மாதச் சம்பளம் பெறும் நடுத்தர வர்க்கத்தின் அச்சத்தை நகரத்தின் அச்சமாகக் காட்டுகின்றது.

இதற்கு மாறாக, எந்தப் பட்டியலும் இல்லாமலே ஆயத்தமாய் வாழ்வோர் நகரத்திலே பலர் உளர். நெருக்கமான பஸ்ஸிலே பயணஞ்செய்யும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையிலே வைத்திருக்கும் சட்டைப்பின் அத்தகையது. அது எந்தப் புயலுக்கும் உரியதன்று; அருகில் நிற்கும் ஆண்மகனுக்கு உரியது. நகரத்தின் அவசரநிலைகளை எண்ணியோர் இதனை ஏன் எண்ணிற் சேர்க்கவில்லை என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

கொழும்பிலே ஒரு தமிழன் தன்னுடன் தவறாது கொண்டுசெல்லவேண்டியிருந்த பொருள் எது எனக் கேட்பின், விடை மேற்கண்ட பட்டியலில் இல்லை. அது அடையாள அட்டை. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்யும் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அவ்வட்டை, யுத்த காலத்திலே சோதனைச் சாவடிதோறும் உயிர்காக்கும் பொருளாயிற்று. அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டும், தங்கியிருப்பதற்கான காரணத்தை மெய்ப்பிக்கும் கடிதமும் சட்டைப்பையிலே மடிக்கப்பட்டு, வியர்வையில் ஊறாதிருக்கப் பொலித்தீன் உறையிலே இடப்பட்டிருந்தன. கடைக்குச் சென்றவன் அட்டையை மறந்தால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினாலே நாடற்றவராக்கப்பட்ட மலையகக் குடும்பங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு வந்த இளைஞரின் நிலை இன்னும் மோசம். பிரஜை அல்லாதவனுக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவன் சந்தேகநபர். எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது.

இங்கே பொருள்களின் இயல்பு தலைகீழாதல் கவனிக்கற்பாலது. பட்டியலிலுள்ள பொருள்கள் இடரிலிருந்து காப்பன. அடையாள அட்டையோ, காக்கக் கடமைப்பட்ட அரசிடமிருந்து காக்கும் பொருட்டுச் சுமக்கப்பட்டது. 1983 யூலையிலே சுமப்பதைக் காட்டிலும் களைவதே ஆயத்தமாயிற்று. பெண்கள் பொட்டை அழித்தனர், தாலியை மறைத்தனர். வீதியிலே மறிக்கப்பட்டோர் சில சிங்களச் சொற்களை உச்சரித்துக் காட்டும்படி பணிக்கப்பட்டனர். நாவிலே ஏறாத ஓர் எழுத்தோசைக்கு எந்தப் பையிலே மாற்று வைப்பது?

2007 யூன் 7 ஆம் திகதி நிகழ்ந்தது இதனினும் தெளிவான சான்று. கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் மிகச் சொற்ப அவகாசத்திலே பொருள்களைக் கட்டிக்கொள்ளப் பணிக்கப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். அகப்பட்டதை அள்ளிப் பைக்குள் இட்டு நிமிடக்கணக்கில் வெளியேறும் திறமை, இன்று பயிற்சியாக அளிக்கப்படும் அதே திறமை, அவர்களுக்கு அன்று ஆயுதமுனையிலே கற்பிக்கப்பட்டது. அவ்வெளியேற்றத்தை நிறுத்தியது எவருடைய முதுகுப்பையுமன்று. மறுநாள் உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்காலத் தடையுத்தரவும், அதனைக் கோரி வழக்குத் தொடுத்தோரின் துணிவுமேயாம்.

பட்டியலிலுள்ள பொருள்களையே எடுத்துக்கொள்ளினும், அவை எல்லார் கையிலும் ஒரே பொருளாயிருந்ததில்லை. 1979 இலே கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலிலே, மடக்குக் கத்தியும் கயிறும் பற்றறியும் ஒருங்கே கிடக்கும் பையொன்றைத் தமிழ் இளைஞன் ஒருவன் சோதனைச் சாவடியிலே திறந்து காட்டியிருப்பின், அவனுடைய முன்யோசனையை மெச்சியிருப்பார் எவருமிலர். 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குச் செல்லத் தடுக்கப்பட்ட பொருள்களிலே பற்றறியும் எரிபொருளும் முதலிடம் பெற்றன. சனங்கள் ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெய் இட்டுத் திரிகொளுத்திப் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். இன்று நகரத்துக் கடைகளிலே கைப்பிடி சுழற்றி இயக்கும் வானொலி அரிய அவசரகாலக் கருவியாக விலைகூறப்படுகின்றது. அதனைக் கண்டு வியப்போர் வடமராட்சிக் கிழவர் எவரையேனும் விசாரித்தல் நன்று.

இனி, இயற்கை இடருக்கு வருவோம். இங்கேனும் பை தன் வாக்கைக் காக்குமா? களனி கங்கை பெருகும்போது கொலன்னாவை, வெல்லம்பிட்டிய, கடுவெல முதலிய இடங்கள் நீரில் மூழ்குதல் 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரிலும் கண்ட உண்மை. 1992 யூன் மாதத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை பெய்து கொழும்பு ஸ்தம்பித்ததையும் முதியோர் மறந்திலர். மழையைத் தேக்கி மெல்ல வடிக்க இயற்கை அமைத்த சதுப்பு நிலங்கள் நகரத்தைச் சூழ இருந்தன. அவற்றுட் பெரும்பகுதி குப்பையாலும் மண்ணாலும் நிரப்பப்பட்டு வீடுகளும் களஞ்சியங்களும் ஆயின. எஞ்சியவற்றுக்காக 2018 இலே கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. நிரப்புதல் மட்டும் நின்றபாடில்லை. மீதொட்டமுல்லையிலே 2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளிலே, குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. ஒரு மாநகரத்தின் குப்பை தம் கூரைக்குப் பின்னால் மலையாக வளர்வதை அம்மக்கள் ஆண்டுக்கணக்கிலே எதிர்த்து நின்றனர். அவர்களுக்கு முன்னறிவு இல்லை என எவரும் கூறவியலாது. அவர்களிடம் இல்லாதது அதிகாரம்.

யப்பானை முன்மாதிரியாகக் காட்டுவோர்க்கு அங்கிருந்தே விடையளிக்கலாம். 1995 சனவரி 17 ஆம் திகதி கோபே நகரை அதிரச்செய்த பூகம்பத்திலே ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டோரிற் பெரும்பாலானோரை வெளியிலெடுத்தவர்கள் குடும்பத்தவரும் அயலவருமே. எந்த வீட்டிலே எந்த அறையிலே கிழவி உறங்குவாள் என்பதை அயலவர் அறிந்திருந்தனர்; அவ்வறிவு பையிலே கிடைப்பதன்று. மேலும் யப்பானியர் பையோடு, ஒதுங்கிடமாகக் குறிக்கப்பட்ட பாடசாலையையும், அங்கே செல்லப் பழகிய ஒத்திகையையும் உடையர். நமக்குப் பையை மட்டும் தருகின்றனர்.

லண்டன் மாநகரத்து அனுபவம் இதனினும் கூர்மையானது. 1938 இலே பிரித்தானிய அரசாங்கம் ஏறத்தாழ 3 கோடி 80 இலட்சம் நச்சுவாயு முகமூடிகளை மக்களுக்கு வழங்கிற்று. யுத்தம் தொடங்கியதும் காகித அட்டைப் பெட்டியிலே முகமூடியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நகரமே நடந்தது. அரசு செலவிலே ஒவ்வொருவரும் அன்றாடம் சுமந்த அவசரகாலப் பொருள் அது. நச்சுவாயு வரவில்லை; குண்டுகள் வந்தன. ஆழமான பொதுப் பதுங்கிடங்கள் வேண்டும் என ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் விஞ்ஞானி 1938 இலேயே தனிநூல் எழுதி வாதாடியிருந்தார். ஆட்சியாளர் அதனை ஏற்றிலர். 1940 செப்ரெம்பரிலே குண்டுவீச்சு மூண்டபோது நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களைப் பதுங்கிடமாக்க அரசாங்கம் மறுத்தது. மக்கள் பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு கீழிறங்கி, மேலே வர மறுத்துவிட்டனர். அரசு பணிந்தது, பின்னர் அங்கே படுக்கைகளும் மலகூடங்களும் அமைந்தன.

அரசை நம்பியிருந்தால் அழிந்துபோவோம், ஆகவே அவரவர் தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்பது எதிர்த்தரப்பாரின் வலிமையான வாதம். இதுவரை கூறப்பட்ட வரலாறே அதற்குத் துணைநிற்பதுபோலத் தோன்றும். ஆனால் அரசை நம்பாதவன் தனித்தே நிற்கவேண்டும் என்பது எங்ஙனம் பெறப்படும்? 1983 இலே பலரை உயிர்காத்தவர்கள் தம் வீட்டிலே ஒளித்துவைத்த சிங்கள, முஸ்லிம் அயலவர். நம்பிக்கையின்மை உண்மையாயின், அதன் தர்க்கரீதியான முடிவு பிறருடன் கூடுதலேயாம். பெரிய பை வாங்குதலன்று.

இவ்வளவும் கூறியபின், சட்டைப்பையிலே எதுவுமே வேண்டாம் என்று சொல்லும் புரட்சிவாதிகளோடும் உடன்படல் இயலாது. நீரிழிவுக்காரர் இரண்டு நாளைக்குரிய குளிசையை உடன்வைத்திருத்தல் அறிவுடைமை. கைத்தொலைபேசி அணைந்துவிட்டால் தாயின் இலக்கமும் நினைவுக்கு வராத தலைமுறை இது. நான்கு இலக்கங்களைக் கடதாசியிலே எழுதி வைத்தல் செலவற்ற காரியம். சில்லறைக் காசும் வேண்டும். இவற்றுக்குக் கடையும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம்.

2025 நவம்பர் 28 ஆம் திகதி கரைதொட்ட டித்வா புயலிலே அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்திலே மண்சரிவு தமிழ்க் குடும்பங்களையும் கொண்டுசென்றது. அந்நாட்களிலே எச்சரிக்கைகள் சிங்களத்தில் வந்த வேகத்திலே தமிழில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. 2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் 117 என்ற அவசர இலக்கமும் உள. நள்ளிரவிலே அவ்விலக்கத்தை அழைக்கும் தோட்டத் தொழிலாளிக்குத் தமிழிலே மறுமொழி கூற எத்தனை பேர் பணியிலுள்ளனர், மழைமானி காட்டும் அளவு எந்த மொழியிலே எத்தனை நிமிடத்தில் அவனை அடைகின்றது, அவன் ஓடிச்சென்று ஒதுங்கவேண்டிய பாடசாலையின் திறப்பு யாரிடம் உள்ளது என்பவற்றைப் பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் எழுத்திலே கேட்டு, எழுத்திலே விடைபெறுதல் வேண்டும். அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் அது செய்யப்படலாம்.