சாம்பலுக்குப் புள்ளி

பரீட்சைத் தாள்களுக்குப் புள்ளியிட்டே விரல் தேய்ந்த ஆசிரிய நண்பர்கள் வியப்படையக்கூடும்: சுருட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி வழங்கும் பரீட்சகர்கள் உலகில் இருக்கிறார்கள். 1992ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே தொடங்கப்பெற்ற 'சிகார் அவிசியனாடோ' என்னும் சஞ்சிகை இதனை ஒரு கலையாகவே வளர்த்து வருகிறது. சுருட்டைச் சுற்றியுள்ள கடதாசிப் பட்டியை அகற்றிப் பரீட்சகரிடம் கொடுப்பார்கள். தோற்றமும் கட்டமைப்பும், சுவை, புகையும் தன்மை, ஒட்டுமொத்த மதிப்பு என நான்கு தலைப்புக்களிற் புள்ளிகள் விழும். மேலிலையில் நரம்பு தடித்திருக்கிறதா? கொக்கோ மணக்கிறதா, தோல் மணக்கிறதா? நெருப்பு வளையம் கோணாமல் இறங்குகிறதா? சாம்பல் உதிராமல் நிற்கிறதா? இவையே வினாக்கள்.

இவ்வினாக்கள் பொய்யானவை என்று நாம் கூறவில்லை. அவற்றின் விடையை எழுதியவர் யார் என்பதே நமது கேள்வி.

ஹவானாவில் இலை சுருட்டும் தொழிலாளி மெல்ல எரியும் தடித்த இலையை நடுவிலும், எளிதில் எரியும் இலைகளை அதனைச் சுற்றியும் வைக்கிறார். இடம் தவறினால் நெருப்புக் கோணும். இறுக்கினாற் புகை வராது. தளர்த்தினாற் சூடேறிக் காரும். ஆகவே, "சீராக எரிகிறது" என்று பரீட்சகர் எழுதும்போது அவர் புகழ்வது ஒரு மனிதக் கையை. ஆனாற் புள்ளி யாருக்கு? பட்டியில் அச்சிட்ட வியாபாரப் பெயருக்கு! விடை எழுதியவர் ஒருவர். சான்றிதழ் பெறுபவர் வேறொருவர். நமது பாடசாலைகளில் இப்படியொரு பரீட்சை நடந்தால் அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

அந்த வியாபாரப் பெயர்தானும் தொழிலாளரிடமிருந்து வந்ததாயின்? 1865இல் ஹவானாத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தோன்றிற்று. கைகள் இலை சுருட்ட, ஒருவர் பத்திரிகையையும் நாவலையும் உரத்து வாசிப்பார். அவருக்கு ஊதியம் கொடுத்தவர்கள் தொழிலாளரே. மறு ஆண்டிலேயே ஸ்பானிய ஆட்சி அதனைத் தடைசெய்தது, தடை நிலைக்கவில்லை. 1891இல் ஹொசே மார்த்தி புளோரிடாவின் டாம்பா நகரிற் பேசியபோது செவிமடுத்தவர்களும், கியூபாவின் விடுதலைக்குத் தமது கூலியிலிருந்து பணம் ஈந்தவர்களும் சுருட்டுத் தொழிலாளரே. 1931இல் அதே நகரின் முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றியபோது தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அந்த வாசிப்புக்களில் விருப்புடன் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று அலெக்சாந்தர் டூமாவின் நாவல். 1935இல் தோன்றிய 'மொன்டெ கிறிஸ்தோ' சுருட்டு சூடிக்கொண்டது அந்நாவலின் பெயரையே.

புகையை நாம் போற்றவில்லை. வாயிலும் தொண்டையிலும் அது விளைக்கும் புற்றுநோயை வைத்திய விஞ்ஞானம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியுள்ளது. ஈரமான புகையிலையைக் கொய்பவரின் தோலூடாகவே நிகொட்டின் ஏறி அவரை நோயில் வீழ்த்துகிறது. புள்ளித்தாளில் அதற்கு ஒரு தலைப்பும் இல்லை.

ஆங்கிலம் 'செரூட்' என்று வழங்குவது நமது 'சுருட்டு' என்னும் சொல்லையே. சுருட்டுதல் என்பது ஒரு வினை. வினையென்றால் அதனைச் செய்பவர் ஒருவர் உண்டு. பொருளை முகர்ந்து, உழைப்பை மறந்து எழுதும் இரசனை, சுருட்டைப் பற்றியதாயினும் கவிதையைப் பற்றியதாயினும், அரை விமர்சனமே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று எழுதுமுன் அப்பரீட்சகர் நமது ஒரே வினாவுக்கு விடையளிக்கட்டும்: இதனைச் சுருட்டியவர் யார்? அவருக்கு எத்தனை புள்ளி?