வன்னியின் இரவு ஏழு மணியோடு முடிவதில்லை

கொழும்பைத் தாண்டினால் இரவு என்று சொல்ல ஒன்றுமில்லை, வன்னியில் ஏழு மணிக்குக் கடைகளைப் பூட்டினால் விடியும்வரை ஊர் செத்துக் கிடக்கும் என்பார்கள். சுற்றுலாத் திட்டம் போடுகிறவர்கள் சொன்னால் அவர்களுக்கு ஊர் தெரியாது என்று விட்டுவிடலாம். புளியங்குளத்திலும் நெடுங்கேணியிலும் பிறந்து வளர்ந்து வெளியே போன எங்கள் பிள்ளைகளும் இதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இது வெறும் கதையாக இருந்தால் பரவாயில்லை. இதை நம்பித்தான் இரவு பஸ் எதற்கு, தெருவிளக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரவில் ஆட்கள் வெளியே வருவதில்லை என்பது முதலாவது. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளைக்குப் போய்ப் பாருங்கள். கடல்நீரில் விளக்கெரியும் கண்ணகி அம்மன் கோயிலை நோக்கி வன்னி முழுவதும் நடக்கும். அதற்கு முந்திய ஒரு கிழமை அந்த விளக்கு முள்ளியவளைக் காட்டாவிநாயகர் கோயிலில் எரியும். அங்கேயும் இரவில் கூட்டம்தான். புளியங்குளத்தாருக்கு இன்னும் கிட்ட, புதூர் நாகதம்பிரான் கோயில் பொங்கல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் காடாகக் கிடக்கிற இடத்தில் அன்றிரவு கச்சான் கடை, வளையல் கடை, தேநீர்க் கொட்டில் என்று ஒரு ஊரே முளைக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இரவு வாகனங்கள் நின்று தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிப் போவதற்குத் திருவிழாக்கூடத் தேவையில்லை.

உடனே, அது பக்தி, களிப்பல்ல என்று மறுப்பார்கள். இந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்கும் கண் எங்களுடையதல்ல. காத்தவராயன் கூத்து ஆடுவது மாரியம்மனுக்கு வைத்த நேர்த்திக்காகத்தான். ஆனால் பாயோடும் தலையணையோடும் வந்து குந்துகிற சனம் கும்பிட மட்டுமா வருகிறது? எந்தக் காத்தான் நன்றாகப் பாடினான், யாருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று அடுத்த கிழமை முழுவதும் சந்தியில் வழக்காடும். ஒரே ஆள் இரவு முழுவதும் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால் காத்தானாக ஒருவர் பின் ஒருவராகப் பலர் வருவார்கள். கழுமரம் ஏறும் கட்டம் வரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் நித்திரையான பிள்ளையைத் தட்டி எழுப்பாத தாய் இல்லை.

கூத்து நடக்கிற அந்த ஒரு இரவை மட்டும் கணக்கில் எடுப்பதும் பிழை. அதற்கு முன் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். வயல்வேலை முடித்துக் குளித்துச் சாப்பிட்டு வந்தவர்கள் அண்ணாவியாருக்கு முன்னால் ஆர்மோனியத்தோடு பாடிப் பாடித் திருத்துவார்கள். சுற்றிவரப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். பிளேன்ரீ வந்துகொண்டே இருக்கும். வெள்ளுடுப்பு ஒத்திகை அன்று பாதி ஊர் கூடிவிடும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தும் இப்படித்தான் இரவுகளில் வளர்ந்தது. ஒரு ஊரின் இரவு வாழ்க்கை இதைவிட வேறு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

விடியவிடியக் கூத்தாடுவது எங்களுக்கு மட்டும் உரியதல்ல, ஜப்பானைப் பாருங்கள். தெற்கே மியாசாக்கி மாகாணத்தில் தகாச்சிஹோ என்ற மலையூர் இருக்கிறது. அங்கே நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி தொடக்கம்வரை கிராமம் கிராமமாக யொகாகுரா என்னும் இரவுக் கூத்து நடக்கும். தெய்வங்களுக்காக 33 ஆட்டங்கள், அந்தியிலிருந்து மறுநாள் காலைவரை. கிஃபு மாகாணத்துக் குஜோவில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை தெருவில் விடியவிடிய ஆடுவார்கள். 2022இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த ஆடல்களில் அதுவும் ஒன்று. தோக்கியோவில் உள்ள மதுச்சாலைகள் குஜோவில் இல்லையே, ஆகவே அங்கே இரவே இல்லை என்று எவரும் சொல்வதில்லை. தோக்கியோவிலிருந்தே ஆட்கள் அங்கே போய் ஆடுகிறார்கள்.

போரோடு எல்லாம் அழிந்துவிட்டது என்று இன்னொரு வாதம். அழிந்தது நிறைய, அதை மறைக்க மாட்டேன். 1997 மே 13இல் இராணுவம் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கையில் புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையாகக் கிடந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அந்த டைனமோவைச் சுற்றித்தான் அயல் முழுவதும் கூடியது. இருட்டு எங்களைப் பிரிக்கவில்லை. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தது. இன்று மின்னொளியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் மைதானத்தைச் சுற்றி மோட்டார்சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது.

யானை இருக்கிறது, பெண்கள் எப்படி வருவார்கள் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். ஏனென்றால் அவர்கள் கேட்பது மெய்யான கேள்வி. நெடுங்கேணிப் பக்கம் இருட்டினபிறகு மோட்டார்சைக்கிளில் போகிற எவருக்கும் நெஞ்சு பதறும். பொங்கல் இரவில் சின்னப் பெண்பிள்ளைகள்கூடக் கூட்டம் கூட்டமாக நடந்து போகும் அதே வீதியில் மற்ற நாட்களில் ஒரு பெண் தனியே போகத் துணிவதில்லை. சனமும் வெளிச்சமும் இருந்தால் பயம் குறைகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? இல்லாத விளக்கையும் ஓடாத பஸ்ஸையும் காட்டி, இவர்களுக்கு இரவில் வெளியே வர விருப்பமில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம்.

கடைசியாக, பெரிய ஹோட்டலும் மதுச்சாலையும் வந்தால்தான் வன்னி இரவில் விழிக்கும் என்கிறார்கள். குடியால் குடும்பங்கள் படும் பாட்டை ஊரில் இருந்து பார்க்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். ஜப்பானின் ஃபுகுவோக்கா நகரம் எதை நம்பியது? யாதாய் என்னும் தெருவோரத் தள்ளுகடைகளை. பத்துப் பேர் நெருக்கி இருந்து சாப்பிடுகிற அளவுதான் ஒரு கடை. 1990களில் பழைய உரிமையாளர்களோடு அவை முடிந்துபோகட்டும் என்று அதிகாரிகள் இருந்தார்கள். பிறகு நகர நிர்வாகம் 2013இல் அவற்றுக்கென்றே தனி விதி இயற்றி, புதியவர்களிடமும் விண்ணப்பம் கேட்டு இடம் கொடுத்தது. இன்று அந்நகருக்குப் போகிறவர்கள் தேடிப்போவது அந்தக் கடைகளைத்தான்.

புளியங்குளம் சந்தி கண்டி வீதியில் இருக்கிறது. முல்லைத்தீவுக்கான வீதி அங்கே பிரிகிறது. ரயில் நிலையமும் இருக்கிறது. சந்தியிலிருந்து நிலையம்வரை விளக்குப் போடுவதும், கொத்துரொட்டிக்காரருக்கும் தோசை சுடும் அக்காமாருக்கும் தண்ணீரோடு நிரந்தர இடம் ஒதுக்குவதும், கூத்து இரவுகளில் நெடுங்கேணிக்கு ஒரு பஸ்ஸைப் பிந்தி விடுவதும் வவுனியா வடக்குப் பிரதேச சபையும் போக்குவரத்துச் சபையும் சேர்ந்தால் செய்யக்கூடியவை. யானை வேலிக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் கொழும்பிலிருந்து ஒரு முதலீட்டாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.