அயர்லாந்து நாட்டுப்புற இசை ‘யாருக்கும் சொந்தமில்லை’யா? வீடியோவில் சேர்த்தால் காப்புரிமை க்ளைம் வருவது ஏன்?

மலை, மூடுபனி, ட்ரோன் ஷாட். பின்னணியில் ஃபிடிலும் குழலும் சேர்ந்த ஓர் அயர்லாந்து மெட்டு. டிராவல் வீடியோ, ஆவணப்படம், விளம்பரம், வீடியோ கேம் என எதற்கும் பொருந்திப்போகும் கூட்டணி இது. “இருநூறு வருஷத்துப் பழைய நாட்டுப்புற இசைதானே, இதுக்கு யாருக்குக் காசு கொடுக்கணும்?” என்று நினைத்து அப்லோடு செய்தால், கொஞ்ச நேரத்தில் காப்புரிமை க்ளைம் வந்து நிற்கிறது. விளம்பர வருமானம் வேறு யாருடைய கணக்குக்கோ போகிறது.

பழைய மெட்டுக்கு யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள்? அது நியாயமா?

மெட்டு வேறு, பதிவு வேறு

இசையில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒன்று மெட்டுக்கு, இன்னொன்று அதை வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கு. படத்தில் ஒரு பதிவைச் சேர்க்க வேண்டுமென்றால், மெட்டுக்காக ‘சிங்க்’ லைசென்ஸும் ஒலிப்பதிவுக்காக ‘மாஸ்டர்’ லைசென்ஸும் வாங்க வேண்டும்.

மெட்டு உண்மையிலேயே பழையது என்றால் முதல் லைசென்ஸ் தேவையில்லை. உதாரணத்துக்கு, பார்வையற்ற ஹார்ப் கலைஞர் டர்லோ ஓ’கரோலன் 1738-லேயே இறந்துவிட்டார். அவருடைய மெட்டுகளை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் அதே மெட்டைப் போன வருடம் ஒருவர் ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவு அவருடையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியான ஒலிப்பதிவுக்கு 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு.

இடையில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. ஆல்பம் அட்டைகளில் ‘மரபு மெட்டு, இசை அமைப்பு: இன்னார்’ என்று போட்டிருப்பார்கள். பழைய மெட்டுக்குப் புதிய சுரக்கோர்வை, புதிய வாத்திய அமைப்பு சேர்த்தால், சேர்த்த பகுதிக்கு அவர் உரிமை கேட்கலாம். அசல் அயர்லாந்து நடன மெட்டு பெரும்பாலும் ஒற்றைச் சரடாக, கார்டு எதுவும் இல்லாமல் வந்தது. கிட்டார், புசூக்கி, கீபோர்டு எல்லாம் பிற்பாடு சேர்ந்தவை. புசூக்கி அயர்லாந்துக்கு வந்ததே 1960-களில்தான். அதனால் இன்று காதில் கேட்கும் ‘பழைய இசை’யில் பாதி புதியது.

கேட்டால் பழசு, பிறந்தது நேத்து

பெரிய சிக்கல் இங்கேதான். பழைய மெட்டு மாதிரியே இருக்கும், ஆனால் பழையது இல்லை.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாரி லிண்டன்’ 1975-ல் வந்தது. 18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக்காரன் ஒருவனின் கதை. அதில் ‘தி சீஃப்டன்ஸ்’ குழு வாசித்த ‘விமன் ஆஃப் அயர்லாந்து’ மெட்டைக் கேட்ட பலரும் அதையும் கதைக் காலத்து நாட்டுப்புற இசை என்றே நினைத்தார்கள். பாடலின் வரிகள்தான் 18-ஆம் நூற்றாண்டுக் கவிதை. மெட்டுப் போட்டவர் ஷான் ஓ ரீடா. 1959-ல் ‘மிஷே ஏரா’ ஆவணப்படத்துக்கு ஆர்கெஸ்ட்ரா இசை அமைத்து, மரபு இசைக்குத் திரையில் பெரிய இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவர் இறந்தது 1971-ல். அயர்லாந்துச் சட்டப்படி படைப்பாளியின் ஆயுளுக்குப் பிறகு 70 ஆண்டுகள், அதாவது 2041 முடியும் வரை அந்த மெட்டுக்கு உரிமை உண்டு. இந்தியக் கணக்கு 60 ஆண்டுகள், 2031 வரை.

இதைவிட வேடிக்கையான கதை அமெரிக்காவில் நடந்தது. கென் பர்ன்ஸ் எடுத்த ‘தி சிவில் வார்’ ஆவணத் தொடர் 1990-ல் ஒளிபரப்பானது. அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சோகமான ஃபிடில் மெட்டு ‘அஷோகன் ஃபேர்வெல்’. சுமார் 11 மணி நேரத் தொடரில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதுதான். 1860-களில் போர்வீரர்கள் வாசித்ததாக எண்ணிப் பலர் கண்கலங்கினார்கள். உண்மையில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த ஜே உங்கர், ஓர் இசை முகாம் முடிந்த ஏக்கத்தில், 1982-ல் ஸ்காட்லாந்து ஒப்பாரி மெட்டின் சாயலில் போட்டது அது. இதை ‘மரபு இசை’ என்று எடுத்துப் போட்டால் க்ளைம் வருவது சரிதான்.

இசைக்காரர்களே ஏமாறும் மெட்டுகளும் உண்டு. கேவனில் பிறந்து பிலடெல்பியாவில் பிளம்பராக வேலை பார்த்த எட் ரீவி நூற்றுக்கும் மேற்பட்ட மெட்டுகள் போட்டார். அவருடைய ‘தி ஹண்டர்ஸ் ஹவுஸ்’ பப்களில் மற்ற பழைய மெட்டுகளோடு கலந்தே ஒலிக்கிறது. வாசிக்கிற பலருக்கு யார் போட்டது என்றே தெரியாது. ஓர் இசைக்காரருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் ரீவி இறந்தது 1988-ல்தான், ஐரோப்பாவில் 2058 வரை உரிமை இருக்கிறது.

‘கெல்டிக்’ என்பது யார் வைத்த பெயர்?

அயர்லாந்தில் இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் ‘ட்ராட்’ என்றுதான் சொல்வார்கள். ‘கெல்டிக்’ என்பது கடைக்காரர் ஒட்டிய லேபிள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், பிரிட்டனி என வெவ்வேறு மரபுகளை ஒரே பெட்டியில் போட வசதியாக இருந்தது.

1995-ல் வந்த ‘பிரேவ்ஹார்ட்’ இதற்குச் சரியான உதாரணம். கதை ஸ்காட்லாந்து. திரையில் வாசிப்பது ஸ்காட்லாந்தின் பெரிய பைப். காதில் விழுவதோ அயர்லாந்தின் இல்லின் பைப். கதை நடந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து உருவான வாத்தியம்! இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஹார்னருக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஸ்காட்லாந்து பைப் திறந்தவெளிக்கானது, சத்தம் அதிகம், சுரங்கள் ஒன்பதே. இல்லின் பைப் உட்கார்ந்து வாசிப்பது. முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்று கொடுப்பதால் சத்தம் மென்மையாக வரும், இரண்டு ஸ்தாயி எட்டும். வயலின் கூட்டத்தோடு அழகாகக் கலக்கும். மைக்குக்கு எது நன்றாக இருக்குமோ அதை எடுத்துக்கொண்டார், வரலாறு பின்னால் போய்விட்டது. 1997-ல் ‘டைட்டானிக்’கிலும் அதே ஹார்னர், அதே பைப் கலைஞர் எரிக் ரிக்லர்.

எடிட்டர்களுக்கு இந்த இசை பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. நடன மெட்டுகள் எட்டு எட்டு பார்களாகக் கட்டப்பட்டவை, எங்கே வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். ‘ரீல்’ என்ற வகை மெட்டு நடன வேகத்தில் ஒரு சுற்று முடிய சுமார் 35 நொடி. இன்ஸ்டா ரீல்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசமா?

இல்லை. ஒருமுறை காசு கட்டினால் ஒவ்வொரு முறை ஒளிபரப்பும்போதும் தனியாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். காப்புரிமை அப்படியே இருக்கும். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ முத்திரையிலும் வகைகள் உண்டு. வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை உள்ள இசையை மானிடைஸ் செய்த சேனலில் போடுவது ஆபத்து.

சரி, அந்த லைப்ரரி இசையில் ஃபிடில் வாசித்தவருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒரே ஒரு தடவை சம்பளம். அதற்குப் பிறகு அது ஆயிரம் வீடியோவில் ஓடினாலும் அவருக்குத் தெரியாது. பல தளங்களில் அவர் பெயர்கூட இருக்காது, ‘ஹேப்பி கெல்டிக்’ என்ற தலைப்பு மட்டும்தான்.

இப்போது அந்த ஒரு தடவைச் சம்பளத்துக்கும் ஆபத்து. கம்ப்யூட்டருக்கு அயர்லாந்து மெட்டு கற்றுக்கொடுக்கும் முயற்சி சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே நடந்தது. 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ‘ஃபோக் ஆர்என்என்’ என்ற மென்பொருளுக்குப் பாடம், ‘தி செஷன்’ இணையதளத்தில் இசைக்காரர்கள் காசு வாங்காமல் எழுதிச் சேர்த்த 23,000-க்கும் மேற்பட்ட மெட்டுக் குறிப்புகள். அது ஆராய்ச்சி. இப்போது ‘கெல்டிக் ஃபிடில், உற்சாகம், 30 நொடி’ என்று தட்டினால் இசை கொட்டும் செயலிகள் வந்துவிட்டன.

2024 ஜூனில் பெரிய ரெக்கார்டு நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற இரண்டு ஏஐ இசை நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டன. 2025 இறுதியில் யுனிவர்சல் யூடியோவுடனும், வார்னர் சூனோவுடனும் உடன்பாடு செய்துகொண்டன. பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், பேரம் பேசுகிறார். யாருக்கும் சொந்தமில்லாத இசைக்கு யார் பேரம் பேசுவது? ‘பொதுச் சொத்து’ என்ற வார்த்தை இதுவரை கலைஞர்களுக்கு வாசிக்கும் சுதந்திரம் கொடுத்தது. இப்போது அதே வார்த்தை, அவர்களைத் தாண்டிப் போகவும் வழி திறக்கிறது.

படம் எடுப்பவர் என்ன செய்யலாம்?

சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓ’நீல், தன் படையில் இருந்த அயர்லாந்துக்காரர்கள் உட்படப் பலரிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த ‘மியூசிக் ஆஃப் அயர்லாந்து’ 1903-ல் வெளியானது. 1,850 மெட்டுகள். ஓ’நீல் இறந்தது 1936-ல், புத்தகத்தின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு மெட்டை எடுத்து, தெரிந்த வயலின் அல்லது புல்லாங்குழல் கலைஞரை வாசிக்கச் சொல்லி, சம்பளமும் உரிமையும் எழுத்தில் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பான வழி. இந்த மெட்டுகளில் பல, நம் கரகரப்பிரியா, ஹரிகாம்போஜி சுரங்களிலேயே அமைந்தவை என்பதால் இங்குள்ள கலைஞர்களுக்கும் கை வரும்.

அப்படியும் க்ளைம் வரலாம். யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ தானியங்கி முறை, ஒலிப்பதிவு மட்டுமில்லாமல் மெட்டு ஒத்துப்போனாலும் கொடி காட்டும். அது வரலாறு படிப்பதில்லை. 2018-ல் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தானே வாசித்த பாஹ் இசையை ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 நொடி சோனி மியூசிக்குக்குச் சொந்தம் என்று க்ளைம் வந்தது. பாஹ் இறந்தது 1750-ல்! எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் க்ளைம் விலகியது.

யூடியூபில் இப்படி நடந்தால் மறுப்புப் பதிவு செய்யலாம். மெட்டு எந்தப் பழைய தொகுப்பில் எந்த எண்ணில் இருக்கிறது, வாசித்தவர் யார், அவரோடு போட்ட ஒப்பந்தம் என்ன என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். க்ளைம் போட்டவருக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் க்ளைம் தானாகக் காலாவதியாகும். ஆனால் போட்டது ‘அஷோகன் ஃபேர்வெல்’ என்றால் மறுக்க வேண்டாம். அந்த மெட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.