டூரினில் என்ன இருக்கிறது?

"வாழ்க்கையில ஒரு தடவைதான் போகப்போறோம். பேர் தெரிஞ்ச ஊரா பாத்துட்டு வந்தாத்தானே போட்ட காசுக்கு அர்த்தம்?" வெளிநாட்டுச் சுற்றுலா என்று பேச்செடுத்ததும் நம் வீடுகளில் எழும் முதல் குரல் இதுதான். மேற்கே என்றால் பாரிஸ், ரோம், வெனிஸ், சுவிட்சர்லாந்தில் ஒரு பனிமலை. கிழக்கே என்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பத்துமலை, கெந்திங். டூர் கம்பெனிகளின் துண்டறிக்கைகளும் இதே வரிசையைத்தான் ஒப்பிக்கின்றன. நடுவில் யாராவது டூரின், கெண்ட், ஈப்போ என்று வாயெடுத்தால், "அங்க என்ன இருக்கு?" என்பார்கள். பதிலை எதிர்பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. பேச்சை முடித்துவைப்பதற்காகக் கேட்கிறார்கள். நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் வாதம்: சரக்கு இருப்பதால்தான் ஓர் ஊர் பெயர் எடுக்கிறது, பெயர் எடுக்காத ஊரில் சரக்கு இல்லை. இதன் முற்பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. ரோமின் கொலோசியத்துக்கு மாற்று கிடையாது. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவரிடம் வேறு ஊரைக் காட்டி மனசை மாற்றுவது அநியாயம். பிற்பாதிதான் தவறு. ஊர்கள் பின்தங்கிப் போவதற்கு அரசியலும் வியாபாரமும் காரணமாக இருந்திருக்கின்றன. தலைநகரத்தை வேறெங்கோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், துறைமுகத்தில் மணல் மேடிட்டிருக்கும், சுரங்கம் வற்றியிருக்கும். ஆட்களும் பணமும் வெளியேறிய பிறகும் கட்டியதெல்லாம் அங்கேயேதான் இருக்கும்.

டூரினையே எடுத்துக்கொள்வோம். 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அதன் முதல் தலைநகரம் இந்த ஊர்தான். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சவோய் அரச குடும்பம் இங்கிருந்து ஆண்டது. நகரத்துக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் அவர்கள் கட்டிய அரண்மனைகள் 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. தலைநகரத்தை ஃபிளாரன்ஸுக்கு மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி 1864இல் வெளிவந்ததும் டூரின் தெருக்களில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். அடுத்த ஆண்டே தலைநகரம் போய்விட்டது. மந்திரிகளும் தூதர்களும் போன வெற்றிடத்தைத் தொழிற்சாலைகள் நிரப்பின. 1899இல் ஃபியட் பிறந்தது. அதன் பிறகு இத்தாலியர்களுக்கே டூரின் என்றால் கார் செய்யும் ஊர், ஜுவென்டஸ் கால்பந்து அணி ஆடும் ஊர் என்றாகிவிட்டது. நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

சரி, என்ன இருக்கிறது? எகிப்துக்கென்றே தனியாக அமைந்த அருங்காட்சியகங்களில் உலகிலேயே பழையது இங்கேதான் இருக்கிறது, 1824இல் தொடங்கியது. எகிப்தில் பிரான்சின் தூதராக இருந்த த்ரோவெத்தி என்பவர் வாரிச் சேர்த்த பொருள்களைச் சவோய் அரசர் விலைக்கு வாங்கினார். எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்த ஷாம்போலியன் அதே ஆண்டு ஓடிவந்து, நொறுங்கிக் கிடந்த பாப்பிரஸ் துணுக்குகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். பண்டை எகிப்திய அரசர்களை வரிசைப்படுத்த இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் அரசர் பட்டியல் அந்தத் துணுக்குகளிலிருந்து கிடைத்ததுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், அங்கே நின்று பார்க்க வேண்டியது அரசர்களை அல்ல, கா என்ற மேஸ்திரியை. அரசர்களின் கல்லறை வேலைகளை மேற்பார்த்தவர் அவர். மனைவி பெயர் மெரித். திருடர் கை படாத அவர்களுடைய கல்லறையை 1906இல் ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய அகழாய்வாளர் கண்டுபிடித்தார். ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய கட்டில், மடித்து வைத்த துணிமணிகள், மெரித்தின் பின்னல் சவரிமுடி, அவளுடைய அலங்காரப் பெட்டி, காய்ந்துபோன ரொட்டிகள் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீடே அங்கு இருக்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவின் முன்னால் தூக்கிப்பிடித்த செல்போன்களுக்கு இடையே கழுத்தை நீட்டி ஒரு நிமிடம் பார்ப்பதோடு இதை ஒப்பிடச் சொல்லமாட்டேன். இரண்டும் வேறு வேறு அனுபவங்கள். ஆனால் "அங்கே ஒன்றும் இல்லை" என்ற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லப்படுவது: ஊருக்குத் திரும்பினால் காட்டுவதற்கு ஒரு படம் வேண்டாமா? ஈஃபிள் கோபுரத்தின் முன் நின்றால் பாட்டிக்குக்கூடத் தெரியும். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கடன் வாங்கிப் போகிறவருக்குச் சாட்சியும் தேவைதான். டூரினிடமும் அப்படி ஒரு சாட்சி உண்டு. மோலே அந்தொனெல்லியானா என்ற அந்தக் கட்டடத்தை 1863இல் யூதர்களின் தொழுகைக்கூடமாகத் தொடங்கினார்கள். கட்டடக் கலைஞர் அந்தொனெல்லி வரைபடத்தை மாற்றி மாற்றி உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். செலவு தாங்காமல் யூத சமூகம் கைகழுவியது, நகராட்சி எடுத்துக்கொண்டது. 167 மீட்டர் உயரத்தில் 1889இல் கட்டி முடித்தார்கள். ஈஃபிள் கோபுரம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அந்தொனெல்லி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். இன்று அதற்குள் தேசிய சினிமா அருங்காட்சியகம் இருக்கிறது. கூடத்தின் நட்டநடுவே, சுவரில்லாத வெட்டவெளியில், கண்ணாடி லிஃப்ட் ஒன்று கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறது. இத்தாலி வெளியிட்ட 2 சென்ட் யூரோ நாணயத்தில் இருப்பது இந்தக் கட்டடம்தான். பாட்டிக்குப் படத்தோடு நாணயத்தையும் கொடுக்கலாம்.

மூன்றாவது, தூரமும் செலவும். இது வாதமே இல்லை, பழக்கம். மிலானிலிருந்து டூரினுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம். பிரஸ்ஸல்ஸிலிருந்து கெண்ட் நகரத்துக்கு அரை மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு மின்சார ரயிலில் இரண்டரை மணி நேரம். ஐரோப்பாவில் ஷெங்கன் விசா இருந்தால் இந்த ஊர்களுக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. "பத்து நாளில் ஏழு நாடு" என்று விற்கப்படும் பயணத்தில்தான் உண்மையான அலைச்சல். நாளின் பாதி பஸ் ஜன்னலில் போய்விடுகிறது. போதாததற்கு, பேர் பெற்ற ஊர்களே இப்போது கையை நீட்டித் தடுக்கின்றன. வெனிஸ் 2024 ஏப்ரலிலிருந்து, கூட்டம் மிகுந்த நாள்களில், இரவு தங்காமல் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. துண்டறிக்கைப் பயணிகள் பெரும்பாலும் அப்படி வந்துபோகிறவர்கள்தானே!

நான்காவது சாப்பாடு. இங்கே எதிர்த்தரப்புக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். டூரின் இருக்கும் பீட்மான்ட் பகுதி மாட்டிறைச்சிக்குப் பேர்போனது. பாஞ்ஞா காவ்தா என்று காய்கறிகளை அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைத் தொட்டுக்கொள்ளும் சூடான குழம்பில் நெத்திலி கரைந்திருக்கும். சைவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். காபியும் சாக்லேட்டும் பாலேடும் அடுக்கடுக்காக நிற்கும் பிச்செரின், ஹேசல் பருப்பு சேர்த்த ஜான்டூயா சாக்லேட், குச்சிகுச்சியான கிரிசீனி ரொட்டி ஆகியவற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சின்ன ஊர்களில் சைவம் கிடைக்காது என்று பொதுவாகச் சொல்பவர்களுக்குக் கெண்ட் நல்ல பதில். 2009இல் வியாழக்கிழமையை இறைச்சியில்லா நாளாக அந்த நகரமே அறிவித்தது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கும் விஷயம்தான். அங்கே நகராட்சி செய்தது. வான் ஐக் சகோதரர்கள் தீட்டி 1432இல் முடிந்த மாபெரும் பலிபீட ஓவியமும் அங்கேதான், புனித பாவோ பேராலயத்தில் இருக்கிறது. அதன் பலகைகளில் ஒன்றை 1934இல் யாரோ திருடிப்போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நகல்தான் நிற்கிறது. பெல்ஜியம் போகும் நம்மவர்கள் பிரஸ்ஸல்ஸில் சிறுநீர் கழிக்கும் சிறுவனின் சிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

கடைசி வாதம்: "இந்த ஊர்களுக்கு அரை நாள் போதும்." இதற்கு ஈப்போவைச் சாட்சிக்கு அழைக்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் கடந்துபோவது அந்த ஊரைத்தான். பினாங்குக்கோ கேமரன் மலைக்கோ போகும் வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு வெள்ளைக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், ஈப்போ பார்த்தாகிவிட்டது என்று கணக்கு.

ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வெள்ளீயத்துக்கு உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள தமிழர்கள் ஈய லம்பம் என்று சொல்லும் சுரங்கங்களால் சீன முதலாளிகள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ரயில்பாதையிலும் தோட்டங்களிலும் தமிழர்கள் உழைத்தார்கள். 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பழைய கடைவீடுகளை இடித்துக் கோபுரம் கட்டப் பணம் இல்லாததால் அவை தப்பித்தன. 1917இல் திறந்த வெள்ளை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தாலே பழைய நகரம் வந்துவிடும். சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றின் குகைகளுக்குள் சீனக் கோயில்கள். பேராக் தோங் குகைக்கோயில் 1926இல் உருவானது. கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலும் அப்படியொரு குன்றின் அடிவாரத்தில்தான். பத்துமலைத் தைப்பூசத்தில் நசுங்கி வந்தவர்கள் மறுமுறை இங்கே வந்து பார்க்கலாம். கூட்டம் இங்கேயும் உண்டு, ஆனால் மூச்சு விடலாம்.

ஊருக்குத் தெற்கே பத்துகாஜா அருகில் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து தோட்ட முதலாளி, லிஃப்ட் வைக்க இடம்கூட விட்டுக் கட்டிய மாளிகை. கட்டியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வேலையாள்களில் பலரை ஸ்பானியக் காய்ச்சல் கொண்டுபோனது. அவர்களுக்காக ஸ்மித் அருகிலேயே ஒரு மாரியம்மன் கோயில் எழுப்பினார்; அதன் மேல்தளத்துச் சிலைகளுக்கு நடுவே நிற்கும் வெள்ளைக்காரர் அவர்தான் என்கிறார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை பாதியில் நின்றது. இன்னொரு பக்கம் தஞ்சோங் துவாலாங்கில், மிதந்துகொண்டே மண்ணை வாரி ஈயம் பிரித்த 1938ஆம் ஆண்டு ராட்சதத் தூர்வாரிக் கப்பல். ஊருக்குள் புந்தோங்கில், முறுக்கும் கடலையும் வறுத்துப் பொரித்து மலேசியா முழுவதற்கும் கச்சாங் பூத்தே அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள். இதையெல்லாம் அரை நாளில் எப்படிப் பார்ப்பது? இரண்டு இரவு தங்கினாலே ஓட்டம்தான்.

டூரினும் அப்படித்தான். சுபெர்கா குன்றின் பேராலயத்துக்கு மட்டும் அரை நாள் வேண்டும். 1949 மே 4 அன்று தொரினோ கால்பந்து அணி ஏறக்குறைய மொத்தமும் விமானத்தோடு மோதி மடிந்தது அந்தப் பேராலயத்தின் பின்சுவரில்தான். லிங்கோத்தோவில், ஃபியட் தன் தொழிற்சாலையின் மொட்டைமாடியில் கார்களை ஓட்டிச் சோதிக்கப் பாதை போட்டிருந்தது. கீழ்த்தளத்தில் உதிரிபாகங்களாக நுழைந்தவை மாடிமாடியாக ஏறி, உச்சியில் காராக ஓடும். 1923இல் திறந்த அந்தக் கட்டடத்தில் இன்று கடைகளும் ஹோட்டலும் இருக்கின்றன, மொட்டைமாடிப் பாதையில் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். "யாருக்கும் தெரியாத சொர்க்கங்கள் பத்து" என்று வரும் பட்டியல்களின் கட்சி அல்ல நான். அந்த வியாபாரம் துண்டறிக்கை வியாபாரத்தின் தம்பி. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் ஆயிரம் பேர்கூட வசிக்காத ஏரிக்கரைக் கிராமம்; படங்கள் பரவி, கூட்டம் தாங்காமல், 2023இல் செல்ஃபி எடுக்கும் இடத்தை மரப்பலகை வைத்து மறைக்கும் அளவுக்குப் போனார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். டூரின், ஈப்போ, கெண்ட் மூன்றும் லட்சக்கணக்கானோர் வாழும் நகரங்கள். நாம் போனாலும் போகாவிட்டாலும் அவற்றின் பிழைப்பு நடக்கும், நம் வரவால் மூச்சு முட்டாது. அதனால்தான் இவற்றைத் துணிந்து சொல்கிறேன்.

அடுத்த முறை டூர் கம்பெனிக்காரர் பத்து நாள் அட்டவணையை நீட்டும்போது, அதில் ஏதாவது ஓர் ஊரை அடித்துவிட்டு டூரினில் இரண்டு இரவு எழுதித் தரச் சொல்லுங்கள். ஆகஸ்டு நடுவில் மட்டும் வேண்டாம். அந்த வாரத்தில் டூரின்காரர்கள் கடையைச் சாத்திவிட்டு அவர்களும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். முடியாது என்று கம்பெனிக்காரர் சொன்னால், மிலானில் குழுவிடம் சொல்லிக்கொண்டு ரயில் ஏறிவிடுங்கள்.