பலெர்மோவில் மலையேறும் தமிழர்

ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பும் தமிழர் எழுதுகிற கட்டுரைகளில் தேவாலயங்களுக்கென்று ஒரு பகுதி தவறாது அமைந்துவிடுகிறது. கோபுரத்தின் உயரம், கட்டி முடித்த ஆண்டு, கூரை ஓவியத்தைத் தீட்டியவர் பெயர், நுழைவுக் கட்டணம், இறுதியில் 'வாயடைத்து நின்றோம்' என்றொரு வாக்கியம். மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவைப் பற்றிய எழுத்தும் இதற்கு விலக்கன்று. இவ்வகைக் கட்டுரைகளை நாம் விரும்பிப் படிப்பவர்களே. எனினும் அவற்றில் கோயில் உண்டு, கோயிலுக்கு வருகிற மனிதர் இல்லை. சிசிலியைப் பொறுத்தவரை இக்குறை கூடுதலாகவே உறுத்துகிறது. அங்குக் கோயிலுக்கு வருகிறவர்களுள் தமிழரும் இருக்கின்றனர் என்பதே காரணம்.

தீவின் தலைநகர் பலெர்மோ 831இல் அரபியர் வசமாயிற்று. 1072இல் நார்மானியர் அதைக் கைப்பற்றினர். ஆள வந்தவர்கள் வடபுலத்துக் கிறித்தவர்கள். ஆலயம் சமைக்க அவர்களுக்குக் கிடைத்த கைகளோ கிரேக்கருடையவையும் இசுலாமியருடையவையும். இரண்டாம் ரோஜர் மன்னனின் அரண்மனைச் சிற்றாலயம் 1140இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் சுவர்களில், பொற்பின்னணியில், கண்ணாடிச் சில்லுகளால் பதித்த கிறிஸ்துவும் புனிதர்களும் நிற்கின்றனர். தலையை நிமிர்த்தினால் மரக்கூரை முழுதும் அரபுப் பாணி. தேன்கூடு போன்ற குடைவுகள், அரபு எழுத்துகள், அவற்றினிடையே இசைக்கருவி மீட்டுவோரும் கோப்பை ஏந்தியவரும். சற்றுத் தொலைவில் உள்ள பேராலயம் முன்பு பள்ளிவாசலாக விளங்கிய இடத்தில் 1185இல் தொடங்கப்பெற்றது. அதன் தென்புற வாயில் மண்டபத் தூண் ஒன்றில் திருக்குர்ஆன் வசனம் இன்றும் அழியாமல் இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோ இக்கட்டடங்களை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

இதுவரை எழுதிவிட்டுச் 'சமய நல்லிணக்கத்தின் சான்று' என்று முற்றுப்புள்ளி வைப்பது எளிது. பலர் வைத்துவிடுகின்றனர். ஆனால் அதே பேராலயத்தினுள் செந்நிறக் கற்பேழை ஒன்றில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் துயில்கிறார். அரபு மொழியறிந்தவர், அறிவியலில் நாட்டம் உடையவர் என்றெல்லாம் புகழப்படுகிற இவர்தாம் 13ஆம் நூற்றாண்டில் சிசிலியின் இசுலாமியரை வேரோடு பெயர்த்து, இத்தாலிய நிலப்பகுதியிலுள்ள லுச்சேரா என்னும் ஊரில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார். தூணை வைத்துக்கொண்டார்கள், ஓதியவர்களை அனுப்பிவிட்டார்கள். ஒரே கூரையின்கீழ் இவ்விரண்டையும் பார்த்து வருகிறவர் தூணுக்கு ஒரு பத்தியும் கல்லறைக்கு ஒரு பத்தியும் ஒதுக்கிவிட்டு, இரண்டையும் இணைக்கும் வாக்கியத்தை எழுதாமல் விடுவது நமக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி மலைக்கு வருவோம். பலெர்மோவின் விளிம்பில், கடலையொட்டி, பெல்லெக்ரினோ மலை எழுந்து நிற்கிறது. உயரம் 606 மீட்டர். நம் போடிமெட்டோடு ஒப்பிட்டால் சிறு குன்றே. 12ஆம் நூற்றாண்டில் ரொசாலியா என்னும் உயர்குடிப் பெண் துறவு பூண்டு அங்கொரு குகையில் வாழ்ந்து மறைந்தாள் என்பது மரபு. 1624இல் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவளுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் அக்குகையில் கண்டெடுக்கப்பட்டன. மறு ஆண்டு அவற்றை ஊர்வலமாக எடுத்து வந்ததும் நோய் தணிந்தது என்று நகரத்தார் நம்பினர்; அன்றுமுதல் அவளே ஊர்க்காவல் தெய்வம். குகையே இன்று ஆலயம். பாறையிலிருந்து ஓயாது கசியும் நீரை உலோக வாய்க்கால்கள் ஏந்திச் செல்கின்றன. பக்தர் அதைப் புனிதநீராகக் கொள்கின்றனர். 1787இல் இங்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே இக்குகையின் எளிமையில் மனம் பறிகொடுத்து எழுதியிருக்கிறார்.

ஈழத்தில் போர் மூண்ட 1980களிலிருந்து பலெர்மோவில் குடியேறிய தமிழர் சில ஆயிரவர். பெரும்பாலோர் வீட்டுவேலையிலும் முதியோரைப் பேணுவதிலும் வாழ்வை ஓட்டியவர்கள். ஓய்வுநாளான ஞாயிற்றில் அம்மலையேறி ரொசாலியாவைத் தொழுவது அவர்களிடையே வழக்கமாயிற்று. அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு, சைவரும் உண்டு. மலை, குகை, சுனை, உள்ளே ஒரு கன்னித்தெய்வம். சைவத் தமிழருக்கு இதில் எது அந்நியம்? மடு மாதாவை நினைப்போர்க்கு இது வியப்பளிக்காது. 1670ஆம் ஆண்டளவில் டச்சுக்காரரின் கெடுபிடிக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டு செல்லப்பட்ட சொரூபம் அது. 2008இல் போர் நெருங்கியபோது தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டே மீண்டும் மடு வந்து சேர்ந்தது. அகதியான மாதாவைக் கும்பிட்டுப் பழகியவர்கள், அயலூரில் ஒரு மலைக்குகைக் கன்னியைக் கண்டதும் செருப்பைக் கழற்றியதில் பிழையென்ன? பலெர்மோக்காரர்களே அரிதாக ஏறும் நாள்களில்கூடத் தமிழர் ஏறுகின்றனர் என்பதைச் சிசிலியைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் குறிக்கின்றனர். தமிழில் எழுதுவோரோ ரோஜர் மன்னனின் பொற்சுவரோடு நின்றுவிடுகின்றனர்.

அயலில் இருப்போரைக் குறைசொல்லும் தகுதி நமக்குண்டா என்று வாசகர் வினவலாம். நியாயமே. தமிழ்த்துறைகளில் 'கிறித்தவ இலக்கியம்' என்று தனித்தாளாக ஒதுக்கி, தேம்பாவணியின் மூன்று காண்டம் முப்பத்தாறு படலம் என்று எண்ணச் சொல்லிக்கொடுக்கிறோம். அக்காப்பியத்தின் யூதேயா நாட்டில் தமிழ்மழை பெய்கிறது என்பதையும் சொல்கிறோம். ஆனால் போடியிலிருந்து தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் சென்றால் அருகருகே இராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும் இருக்கின்றன. கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் பழைய ஊர்கள். சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழகம் வந்ததென்பர். பழத்தை நாம் அனைவரும் தின்கிறோம். ஆலயத்துக்குள்ளோ, திருமண அழைப்பு வந்தாலன்றி எட்டிப் பார்ப்பதில்லை. 'அது அவங்க கோயில்' என்னும் சொல் மரியாதைபோலத் தோன்றினாலும், பல வேளைகளில் அது அக்கறையின்மைக்குப் போர்த்திய போர்வையே.

இந்த அக்கறையின்மைக்கு விலை உண்டு. தமிழகத்தில் பல ஊர்களில் சுண்ணாம்புக் காரையும் மரவிட்டமுமாக நின்ற பழைய ஆலயங்கள், இடம் போதவில்லை என்ற காரணத்தால் இடிக்கப்பட்டுக் காங்கிரீட் மண்டபங்கள் ஆகின்றன. மக்கள் பெருகினால் இடம் வேண்டும்தான். அதை மறுக்க நாம் யார்? ஆனால் இடிபடும்போது ஒரு வரைபடமோ ஒரு புகைப்படமோ எடுத்து வைக்க, பக்கத்துக் கல்லூரியிலிருந்து எவரும் போவதில்லை.

கட்டடம் நமக்குச் சொல்ல விரும்பாததையும் சொல்லும் என்பதற்கு நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் இருக்கிறது. 1872இல் எழுந்த அங்குள்ள திருக்குடும்ப ஆலயம் வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமரும் வகையில் இரு கிளைகளாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் கூடுவது. 1910இல் கொசானல் அடிகளார் இடையிலிருந்த தடுப்பை அகற்றினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. அவ்வாறு பிரித்து வைக்கக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் முடிவுகூறிற்று. பலெர்மோவில் தூணை வைத்துக்கொண்டு ஆளை வெளியேற்றினார்கள். இங்கு ஆளை உள்ளே அழைத்து, நடுவில் தடுப்பு வைத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்து எழுதும் பயணக் கட்டுரை தமிழில் வரவேண்டும் என்பது நம் ஆசை. அதைப் பலெர்மோவில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை ஒருவர் எழுதினால் இன்னும் நன்று. மலைப்பாதையின் ஏற்றம் அவர் கால்களுக்குத் தெரியும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சிறிது. ஆண்டுதோறும் தமிழ்த்துறையின் கல்விச்சுற்றுலாப் பேருந்து தஞ்சைக்கும் மாமல்லைக்கும் போகிறது. வரும் கல்வியாண்டில் அரைநாள் ஒதுக்கி, தேம்பாவணி படிக்கும் மாணவர்களை இராயப்பன்பட்டிக்கு அழைத்துச் செல்லலாம். டீசல் செலவுகூடப் பெரிதாக ஆகாது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கதவைத் திறந்து வைப்பார்.